கறளுக்குக் கீழே இரும்பு இருக்கிறதா?

வாசகர் கேள்வி – பதில்

கிளிநொச்சியில் ஒட்டுப்பட்டறை (வெல்டிங் பட்டறை) வைத்திருக்கும் ‘பட்டறை ஐயா’, உழவு இயந்திரம், பெட்டி என்று நாம் சொல்லும் ட்ரெயிலர், சில்லு பற்றிய கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார். இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாம் பழைய ட்ரெயிலர்களைப் பற்றியவை.

கேள்வி: ஐயா, ஏலத்தில் போன பழைய இராணுவ ட்ரெயிலர் ஒன்றை வவுனியாவில் பழைய இரும்பு வியாபாரி ஒருவரிடம் வாங்கியிருக்கிறேன். இரண்டு சில்லு, முன்னால் பெரிய இரும்பு வளையம், உடல் முழுக்கக் கறள். தகட்டில் ‘3/4’ என்பது மட்டும்தான் வாசிக்க முடிகிறது. என்னிடம் நான்கு சில்லும் இழுக்கும் டபுள் கப் பிக்கப் இருக்கிறது. ஆவணியில் மடு மாதா திருவிழாவுக்கும், பிறகு பிள்ளைகளோடு குளக்கரை, கடற்கரை என்று தங்கிவரவும் இதைத் தயார்செய்ய ஆசை. கறளைத் தேய்த்து, பழையபடி பச்சை பூசுவதில் தொடங்கலாமா?
– வாசகர், மல்லாவி

பதில்: தம்பி, பெயின்ற் தகரத்தை இப்போது திறக்க வேண்டாம். அதற்கு முன் இரண்டு காரியம் இருக்கிறது. ஏலத்தில் போனதற்கான கடிதத்தின் பிரதியையும் பற்றுச்சீட்டையும் அந்த வியாபாரியிடம் கேட்டு வாங்குங்கள். சட்டத்தில் அடித்திருக்கும் எண்ணைக் கம்பித் தூரிகையால் துடைத்து, அதன் மேல் வெண்கட்டியைத் தேய்த்துப் படம் எடுங்கள். இரண்டையும் கொண்டு போய் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுக்கு வேறு என்ன வேண்டும் என்று கேளுங்கள். பதிவுக்கு வழியில்லாத பெட்டியில் கொட்டும் காசு விழலுக்கு இறைத்த நீர்தான்.

அடுத்தது, கருவிப் பெட்டிக்குள்ளும் தகட்டு மடிப்புகளுக்குள்ளும் கறள் தின்ற ஓட்டைகளுக்குள்ளும் கையை விடுவதற்கு முன் டோர்ச் அடித்துப் பாருங்கள். இது வன்னியில் நின்ற படைப்பெட்டி. ரவை, குழாய், என்னவென்று தெரியாத இரும்புத் துண்டு, எது கண்ணில் பட்டாலும் தொடாமல் விலகி பொலிஸின் 119 இலக்கத்துக்கு அழையுங்கள். ஒட்டு நெருப்பு பிறகு.

இனிப் பெட்டியை உயர்த்துங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போகக் கூடாது. அச்சுக்கு இரண்டு பக்கமும் முதிரைக் கட்டைகளை அடுக்கி, அசைத்துப் பார்த்த பிறகு பாயை விரித்துக் கீழே படுங்கள். கையில் சிறு சுத்தியல் ஒன்று போதும். சட்டத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும். கறள் தின்ற இரும்பு ஊறிய பலகையைப் போலத் தொப்பென்று அடங்கும். அந்த ஓசை வரும் இடத்தில் வெண்கட்டியால் வட்டம் போடுங்கள். வில்லுத்தகடு சட்டத்தோடு சேரும் இடம், இழுவைத் தண்டு பெட்டிக்கு அடியில் நுழையும் இடம், சேறு தங்கும் நான்கு மூலை ஆகிய இடங்களில் இரண்டு தடவை தட்டுங்கள். பெட்டி முல்லைத்தீவுப் பக்கம் கடற்காற்றில் நின்றிருந்தால், வெளித்தோற்றம் நன்றாக இருந்தாலும் பெட்டிவடிவச் சட்டம் உள்ளிருந்தே உதிர்ந்திருக்கும். வட்டம் போட்ட இடத்தைத் திருப்புளியால் குத்துங்கள். உள்ளே இறங்கினால் அந்தத் துண்டை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்துவிட்டுத்தான் புதுத்தகடு ஒட்ட வேண்டும். பழையதன் மேல் ஒட்டுப்போட்டால் இரண்டு தகட்டுக்கும் நடுவில் மாரித் தண்ணீர் தங்கி, அடுத்த ஆண்டே இரண்டும் சேர்ந்து போகும். சட்டத்தின் தாழ்ந்த இடங்களில் தண்ணீர் வடிய விரல் நுழையும் அளவில் துளை விடுங்கள்.

அடுத்தது சில்லு. மாட்டுவண்டில் சில்லின் நடுப்பகுதியைக் குடம் என்போம். இதற்கும் அதே பெயரைச் சொல்கிறேன். குடத்து மூடியைக் கழற்றியதும் பழைய கிறீஸை ஒரு விரலில் எடுத்து வெயிலில் பாருங்கள். கறுத்து இறுகியிருந்தால் வயதுதான். பால்தேநீர் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, உருளைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். அம்மைத் தழும்பு போலப் புள்ளி விழுந்திருந்தாலும், நீலம் பாரித்திருந்தாலும் எறிந்துவிடுங்கள்; பேரிங் உட்காரும் வெளிவளையத்தையும் சேர்த்து மாற்றுங்கள். புதியதற்குக் கிறீஸ் தடவினால் போதாது. உள்ளங்கையில் ஒரு குவியல் கிறீஸ் வைத்து, பேரிங்கின் அகன்ற விளிம்பை அதில் குத்திக் குத்தி இழுங்கள். மறுபக்கத்தில் உருளைகளுக்கு இடையால் கிறீஸ் புழுப்போல வெளியே வரவேண்டும். பூட்டும்போது சில்லைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு கொஞ்சம் தளர்த்தி, பூட்டுத்தகட்டை மடியுங்கள். சில்லை மேலும் கீழும் பிடித்து அசைத்தால், கைக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு சிறு ஆட்டம் இருக்க வேண்டும்.

உங்கள் பெட்டி எந்த வம்சம் என்று அறிய ஒரு அளவு சொல்கிறேன். சில்லில் ஐந்து ஆணிகள் இருந்தால், அடுத்தடுத்த இரண்டு ஆணிகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து பாருங்கள். 97 மில்லிமீற்றர் வந்தால் லாண்ட்ரோவர் வரிசை. அதன் சில்லும் பேரிங்கும் தேடினால் கிடைக்கும். 82 வந்தால் பழைய வில்லீஸ் ஜீப்பின் வரிசை. சுசுக்கி ஜிம்னியின் ஆணி வட்டமும் இதே அளவுதான். ‘3/4’ என்பது முக்கால் தொன். பிரித்தானியத் தொன் கணக்கில் சுமார் 760 கிலோ. அது சுமையின் அளவு. நான்கு சில்லும் இழுக்கும் டபுள் கப்கள் பெரும்பாலும் ஆறு ஆணிக்காரர். உங்களுடையதும் அப்படியென்றால் பெட்டிக்குத் தனியாக ஒரு மேலதிகச் சில்லு கட்டாயம். இரண்டு சில்லுக்கும் இடையிலுள்ள அகலத்தையும் டபுள் கப்பின் அகலத்தையும் அளந்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே தடத்தில் ஓடினால் சேற்றில் இழுவைப் பாரம் நன்றாகக் குறையும். பெட்டி தனக்கென்று புதுத்தடம் வெட்டிக்கொண்டு வந்தால் மாங்குளத்துக்கு அப்பால் எந்தக் காட்டுப்பாதையிலும் உங்கள் எஞ்சின்தான் அழும்.

முன் வளையத்தை வெட்டிவிட்டு, காருக்குப் பூட்டும் குண்டுக் கொளுக்கி போடச் சொல்வார்கள். கேட்காதீர்கள். குண்டுக் கொளுக்கி ஓரளவுக்கு மேல் முறுகாது. குளக்கட்டிலிருந்து சரிவாக இறங்கும்போது வாகனம் ஒரு பக்கமும் பெட்டி மறுபக்கமும் சாயும்; அந்த முறுக்கைத் தாங்கத்தான் படைப்பெட்டிக்கு வளையமும், அது தன்பாட்டில் சுழல ஓர் உறையும் வைத்தார்கள். உறைக்குக் கிறீஸ் கொடுத்து, வளையம் கையால் சுழல்கிறதா என்று பாருங்கள். வளையத்தின் உட்பக்கம் தேய்ந்து ஒரு பக்கம் மெலிந்திருந்தால் புதியது வாங்குங்கள். இத்தனை ஆண்டு ஒட்டு வேலை செய்தவன் சொல்கிறேன்: இழுவை வளையத்தின் மேல் ஒட்டுப் போடக் கூடாது. அது காய்ச்சி அடித்துச் செய்த இரும்பு. ஒட்டின் சூடு பட்ட இடத்தில் பிறகு வெடிப்பு விடும். வாகனத்தின் கொளுக்கியைச் சட்டத்தில் பூட்டுங்கள், பம்பரில் அல்ல. இரண்டு சங்கிலிகளை இழுவைத் தண்டுக்குக் கீழே பெருக்கல் குறிபோல மாறிப் போடுங்கள். கொளுக்கி கழன்றாலும் தண்டின் மூக்கு அந்தத் தொட்டிலில் விழும், தாரில் குத்தாது.

பிறேக் உறையைத் திறக்கும்போது காற்றடித்துத் தூசி பறக்க விடாதீர்கள். பழைய பிறேக் பட்டையில் கல்நார் (அஸ்பெஸ்டஸ்) இருக்கலாம். தண்ணீரில் நனைத்துத் துடையுங்கள். பழைய பெயின்றில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அதையும் நனைத்தே தேயுங்கள்; பிள்ளைகளும் கோழிகளும் அந்தப் பக்கம் வரக் கூடாது. மின்கம்பிகள் 24 வோல்ட்டுக்கு இழுத்தவையாக இருக்கலாம். முழுவதையும் உருவி எறிந்துவிட்டு 12 வோல்ட்டுக்குப் புதிதாக இழுங்கள், நில இணைப்புக்கும் தனிக்கம்பி விட்டு.

வில்லுத்தகடு முக்கால் தொன்னுக்குப் போட்டது. நீங்கள் ஏற்றப்போவது முந்நூறு கிலோ. அதனால் பெட்டி கிறவல் வீதியில் முயல்போலத் துள்ளும். முதலில் ரயர்க் காற்றைக் குறைத்துப் பாருங்கள். போதாவிட்டால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு தகட்டை எடுக்கலாம். எடுத்தால் இனி முக்கால் தொன் ஏற்றக் கூடாது என்பதைத் தண்டிலேயே பெயின்றால் எழுதி வையுங்கள், நாளை யாரோ கல் ஏற்ற இரவல் கேட்பார்கள்.

சுமையை அச்சுக்கு மேலும் சற்று முன்னாலும் அடுக்குங்கள். முழுப் பாரத்தில் பத்தில் ஒரு பங்கு முன் வளையத்தில் அழுத்த வேண்டும். நெல் நிறுக்கும் தராசில் ஒரு கட்டை வைத்து, தண்டை அதன் மேல் இறக்கிப் பாருங்கள். பெட்டியும் சுமையுமாக எண்ணூறு கிலோ என்றால் தராசு எண்பது காட்ட வேண்டும், கிட்டத்தட்ட நான்கு புசல் நெல். இதைவிட நன்றாகக் குறைந்தால் ஏ9 வீதியில் வேகம் எடுக்கும்போது பெட்டி வால் ஆட்டும். தண்ணீர்தான் பெரிய பாரம்: நூறு லீற்றர், நூறு கிலோ. அதைப் பின்னால் வைக்காதீர்கள்.

தங்குவதற்கு மேலே நான்கு வளைகுழாய், அதன் மேல் தறப்பாள். மடு வளவில் மரநிழலில் தறப்பாள் கட்டித் தங்கிய எவருக்கும் இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பின்கதவைச் சங்கிலியில் நிறுத்தினால் சமையல் பலகை ஆகும். ஆனால் பின்பக்கம் ஆள் ஏறி உட்கார்ந்தால் வாகனம் கழற்றிய பெட்டி அப்படியே மல்லாந்துவிடும். நான்கு மூலைக்கும் இறக்கும் கால் போட்ட பிறகே பிள்ளைகளை ஏற விடுங்கள். காஸ் சிலிண்டரை மூடிய பெட்டிக்குள் வைக்காமல், வெளியே தண்டின் மேல் நிமிர்த்திக் கட்டுங்கள்.

இனிப் பச்சை. வேண்டாம் என்பது என் வேண்டுகோள். 2011 இல் ஒருவர் பச்சை பூசிய பெட்டி ஒன்றைத் திருத்தக் கொண்டுவந்து என் பட்டறை வாசலில் விட்டிருந்தார். பக்கத்து வளவு அம்மா ஒருவர் நாளும் என் முற்றத்தால்தான் கிணற்றுக்குப் போவார். அந்தப் பெட்டி நின்ற ஒன்பது நாளும் அவர் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வீதியால் சுற்றிப் போனார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானே கவனித்து, உரிமையாளரிடம் கேட்டு, அதற்கு நீலம் பூசினேன். பூச்சு காய்வதற்கு முன் அவர் முற்றத்தால் வந்துவிட்டார். தம்பி, உங்கள் பெட்டி யாருடைய வேலியோரத்தில் ஓர் இரவு நிற்கப்போகிறது என்பது உங்களுக்குத் தெரியாது. நீலம் பூசுங்கள், சிவப்புப் பூசுங்கள், பிள்ளைகளின் பெயரைப் பக்கத்தில் எழுதுங்கள்.

கேள்வி: என் கணவரும் ஒரு பழைய படைப்பெட்டி வாங்கியிருக்கிறார். சில்லில் நட்டுகள் இரண்டு வட்டமாக இருக்கின்றன. ரயர் கழற்றுபவர் தொட மறுக்கிறார். கணவர் தானே கழற்றுவதாகச் சொல்கிறார். விடலாமா?
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: தங்கச்சி, விடாதீர்கள். மறுத்தவர் நல்ல தொழிலாளி. அது இரண்டு துண்டாகச் செய்து நட்டுகளால் பூட்டிய சில்லு. உள்வட்ட நட்டு சில்லைக் குடத்தோடு பிடிக்கிறது. வெளிவட்ட நட்டு இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது. ரயரில் காற்று இருக்கும்போது ஒருவர் வெளிவட்டத்தைத் தளர்த்தினால் அந்த இரும்புத் தட்டு முகத்துக்கு நேரே வரும்.

இளவயதில் நான் வேலை பழகிய இடத்தில் லொறிச் சில்லு ஒன்றுக்குப் பூட்டு வளையம் மாட்டிவிட்டுக் காற்றடித்தேன். வளையம் ஒரு பக்கம் சரியாக உட்காரவில்லை. மூன்றடி தள்ளி நின்று காற்றழுத்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெடிச்சத்தம் கேட்டது, தலைக்கு மேலே வானம் தெரிந்தது. வளையம் கூரைத் தகரத்தைக் கிழித்துக்கொண்டு போய்ப் பின்வளவு வேப்பமரத்தில் வெட்டி நின்றது. நான் குனிந்து பார்த்திருந்தால் இன்று இந்தப் பதிலை எழுத ஆள் இல்லை. அந்த மரத்தின் வெட்டு என் ஒரு சாண் நீளம் இருந்தது.

செய்யும் முறை இது: வால்வின் உள்ளூசியைக் கழற்றிக் காற்று முழுவதையும் விடுங்கள். ஊசி கழன்றும் கறள் அடைத்திருக்கலாம். மெல்லிய கம்பியை உள்ளே விட்டு அடைப்பில்லை என்று உறுதி செய்யுங்கள். அதன் பிறகு சில்லைக் குடத்திலிருந்து கழற்றி, நிலத்தில் கிடத்தி, வெளிவட்டத்தைத் தளர்த்தலாம். திரும்பக் காற்றடிக்கும்போது சில்லைச் சங்கிலியால் சுற்றிக் கட்டி, நீளக் குழாய் போட்டு, பக்கவாட்டில் விலகி நின்று அடிக்க வேண்டும். என் விருப்பத்தைக் கேட்டால், அதே ஆணி அளவில் ஒற்றைத் துண்டுச் சில்லு இரண்டு வாங்கிவிடுங்கள். ரயரையும் பாருங்கள்: பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், 2218 என்றால் 2018 ஆம் ஆண்டின் 22 ஆவது வாரம். தரையில் படும் பூ தேயாமல் நன்றாக இருக்கிறது என்று பதினைந்து வயது ரயரை நம்பக் கூடாது.

கேள்வி: எங்கள் காணியின் பின்புறப் பற்றைக்குள் ஒரு பெட்டி 2009 இலிருந்து கிடக்கிறது. சட்டத்துக்கூடாக ஒரு மரம் வளர்ந்துவிட்டது. படைப்பெட்டியா, உழவு இயந்திரப் பெட்டியா என்று தெரியவில்லை. எடுத்துத் திருத்தலாமா?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: திருத்த முடியுமா என்பதற்கு முன், யாருடையது என்று கேளுங்கள். அந்த ஆண்டு பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று வீட்டையே பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள் நாங்கள். என் பெட்டியையும் வழியில்தான் விட்டேன். பிறகு கறள் ஏறிய வாகனக் குவியல் ஒன்றில் அதைக் கண்டேன். எண் இல்லை, நிறம் இல்லை, சில்லு இல்லை. பின்கதவுப் பிணைச்சலில் நானே போட்ட ஒட்டு இருந்தது. வலக்கையில் காயம் இருந்த நாளில் இடக்கையால் போட்டது, மீன்முள் போலக் கோணலாக ஓடும். அந்தக் கோட்டில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

உங்கள் பெட்டிக்கும் அப்படி ஒரு கோடு தெரிந்த ஆள் இருக்கலாம். கிராம அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். கோயிலிலும் சங்கக் கடையிலும் சொல்லி வையுங்கள். பற்றை இதுவரை வெட்டப்படாதது என்றால், கண்ணிவெடி அகற்றுவோர் பார்த்துச் சொல்லும்வரை பக்கத்திலும் போகாதீர்கள். மரம் நிற்கட்டும்.

கேள்வி: பெட்டியோடு காட்டுப்பாதையில் உள்ளே போவது சுலபமாக இருக்கிறது, திரும்புவதுதான் முடியவில்லை. பற்றைக்குள் இறக்கித் திருப்ப வேண்டியிருக்கிறது. வழி உண்டா?
– வாசகர், அக்கராயன்

பதில்: வந்த கடிதங்களில் இதுதான் என்னைப் பயமுறுத்தியது. பற்றைக்குள் இறக்காதீர்கள். 2002 முதல் ஹலோ ட்ரஸ்ட்டும் மக் நிறுவனமும் வடக்கில் கண்ணிவெடி அகற்றுகின்றன. இலங்கை 2017 இல் கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது, அகற்றி முடிக்க 2028 வரை தவணை. சிவப்பு எச்சரிக்கைப் பலகை இல்லாத இடமெல்லாம் துப்புரவான இடம் என்று எண்ண வேண்டாம். பலகையும் விழும், வெள்ளமும் மண்ணைப் புரட்டும். மாடு போன தடம் என்பதும் காரணமாகாது. ஊரவர் நாளும் வாகனம் ஓட்டும் பாதையிலேயே உங்கள் நான்கு சில்லும் பெட்டியின் இரண்டு சில்லும் நிற்க வேண்டும்.

அதற்குப் பின்னுக்கு எடுக்கத் தெரிய வேண்டும். சிறுபோக அறுவடை முடிந்து காய்ந்த வயலில் இரண்டு வெற்று எண்ணெய்ப் பீப்பாய்களைப் பெட்டியின் அகலத்தைவிட ஒரு முழம் கூட வைத்து நிறுத்துங்கள். ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தை ஒரு கையால் பிடியுங்கள். பெட்டியின் பின்பக்கம் வலப்பக்கம் போக வேண்டுமென்றால் கையை வலப்பக்கம் நகர்த்துங்கள், இடமென்றால் இடப்பக்கம். கொஞ்சமாக நகர்த்தி, பெட்டி கேட்கத் தொடங்கியதும் உடனே நேராக்குங்கள். இரண்டு சில்லுப் பெட்டி கட்டையானது, அதனால் சடாரென்று மடியும். மடிந்தால் முன்னுக்கு எடுத்து நேராக்கி மீண்டும் தொடங்குங்கள். தள்ளும்போது தானாகப் பிடிக்கும் பிறேக் உள்ள பெட்டியென்றால், தண்டிலுள்ள பின்னோட்டப் பூட்டைப் போட மறக்காதீர்கள். போடாவிட்டால் பெட்டி பின்னுக்கு வரவே வராது. நூறு மீற்றர் நேராகப் பின்னுக்கு எடுக்கும்வரை காட்டுப்பக்கம் போக வேண்டாம்.

பாதையில் திரும்பும் இடம் இருக்கிறதா என்று தெரியாவிட்டால், வாகனத்தை நிறுத்திவிட்டு அதே தடத்தால் நடந்து போய்ப் பாருங்கள். பின்னுக்கு எடுக்கும்போது ஒருவர் இறங்கிக் கை காட்டட்டும். அவரும் சில்லுத் தடத்தின் மேலேயே நிற்க வேண்டும், உங்கள் கண்ணாடியில் முழு ஆளாகத் தெரிய வேண்டும். தெரியாமல் போனால் பிறேக்கை அழுத்துங்கள், அவர் மறுபடி தெரியும்வரை எடுக்காதீர்கள்.